சங்கனின் நடை

கிண்டியில் ரயில் ஏறியபோதே ஜெசிந்தாவுக்கு நெஞ்செல்லாம் எரிந்துகொண்டிருந்தது. வெயிலால் அல்ல, மதியம் சாப்பிட்ட புளியோதரையாலும் அல்ல. மகளிர் பெட்டியில் ஜன்னலோரம் இடம் கிடைத்திருந்தது, அலுவலகக் கூட்டம் இன்னும் சேரவில்லை, பரங்கிமலை தாண்டியதும் காற்றுகூட முகத்தில் அடித்தது, ஆனாலும் எரிந்தது. அந்த யூடியூப்காரன் ஆமை நடை என்றான். ஆமை என்பதோடு விட்டிருந்தால் போகிறான் போ என்று இருந்திருக்கலாம். அதற்கடுத்து அவன் சொன்னதைத்தான் அவளால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. 'சுவடு' என்று ஒரு வீடியோ கேம். சிலம்பச் சண்டை. கடற்கரை ஊர் ஒன்றில் சங்கன் என்கிற உப்பளத் தொழிலாளி, ஊரை வளைத்துப் போட்டவர்களைக் கையில் ஒரு கம்போடு ஒவ்வொருவராக எதிர்கொள்கிற கதை. அவளும் குருபரனும் இன்னும் நாலைந்து பேரும் ராப்பகலாகச் செய்தது. ஆறு வருஷத்துக்கு முன்னால் அது வெளிவந்த அன்றைக்கே வெளிநாட்டுப் பெரிய கம்பெனியின் கேம் ஒன்றும் வந்து தொலைத்தது. கல்யாண ஊர்வலத்துக்கு நடுவே மாட்டிக்கொண்ட சைக்கிள்காரன் மாதிரி 'சுவடு' ஓரமாக ஒதுங்கி, ஒதுங்கி, யார் கண்ணிலும் படாமலே போய்விட்டது. பாராட்ட வேண்டாம், திட்டவாவது நாலு பேர் வந்தார்களா? இல்லை. கம்பெனியை மூடினார்கள். அவள் விளம்பரப் படம் எடுக்கிற இடத்தில் வேலைக்குச் சேர்ந்து, பல் துலக்கும் பிரஷ்களை நடனமாட வைத்துக்கொண்டிருக்கிறாள். எல்லாம் ஆறி அடங்கிப்போன பிறகு, 'ஓட்டைக் கண்ட்ரோலர்' என்று யூடியூபில் சேனல் வைத்திருக்கிற ஒருத்தன் எங்கிருந்தோ அந்த கேமைத் தோண்டியெடுத்து, நேற்று சாயங்காலம் வீடியோ போட்டிருக்கிறான். லட்சக்கணக்கான பேர் பார்த்தாயிற்று. லட்சக்கணக்கான பேர் சிரித்தாயிற்று.

சிரிக்கட்டும். குற்றம் சொல்லவும் ஒரு யோக்கியதை வேண்டாமா? அவளுக்குப் பொறுக்காதது அதுதான். மழையைப் பாராட்டுகிறான்! "மழை மட்டும் வேற லெவல் மக்களே" என்கிறான். அடேய், அந்த மழை நாங்கள் செய்ததே இல்லையடா. அது கடையில் விற்கிற மழை, யார் வேண்டுமானாலும் வாங்கி எந்த ஊரில் வேண்டுமானாலும் பெய்ய வைக்கலாம், அதே மழை ஜப்பானிலும் பெய்கிறது, பிரேசிலிலும் பெய்கிறது. உப்பளத்தில் மழை பெய்தால் என்ன ஆகும் என்று தெரியுமா உனக்கு, பாத்தியில் விளைந்த உப்பெல்லாம் கரைந்து ஓடும், சங்கன் அதைப் பார்த்துத் தலையில் கைவைத்து உட்கார வேண்டும், அப்படி ஒரு காட்சி வேண்டுமென்று அவள் கேட்டாள், நேரமில்லை என்று குரு தட்டிக் கழித்தான், அந்தக் குறை உன் கண்ணுக்குத் தெரிந்ததா? பொன்னியைப் பாராட்டுகிறான், "ஹீரோயின் செம" என்று. பொன்னிக்கு அந்தக் கதையில் என்ன வேலை? வில்லன் தூக்கிக்கொண்டு போக வேண்டும், கலங்கரை விளக்கத்தின் உச்சியில் கட்டிப்போட்டிருக்க வேண்டும், காற்றில் தாவணி பறக்க வேண்டும். உப்பு சுமக்கிற பெண் எவளாவது தாவணியைப் பறக்கவிட்டு நிற்பாளா, முந்தானையை இழுத்துச் செருகி இரண்டு அறை விடமாட்டாளா என்று அவள் சண்டை போட்டதும், "ஜெசி, இதெல்லாம் இருந்தாத்தான் விளையாடுவாங்க" என்று குரு முடித்துவிட்டதும் நேற்று நடந்தது போல இருக்கிறது. ஆக, வெட்கப்பட வேண்டியதையெல்லாம் பாராட்டிவிட்டான். எதைச் செய்ய அவர்கள் உயிரை விட்டார்களோ அதையெல்லாம் கிண்டலடித்துவிட்டான். அடி வாங்கி விழுந்தவன் மறைந்து போகாமல் எழுந்து உட்கார்ந்து, முனகி, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போகிறானாம், அது தப்பாம். "செத்தவன் ஏண்டா எந்திரிச்சுப் போறான்" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறான். அவன் சாகவில்லையடா முட்டாளே. கம்படி பட்டால் சாகத்தான் வேண்டுமா? மறுநாள் ஊருக்குள் போனால் அதே ஆள் டீக்கடையில் கையில் கட்டுப்போட்டு உட்கார்ந்திருப்பான், சங்கனைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்வான், இன்னும் இரண்டு நாள் கழித்துப் போனால் பேசவும் செய்வான். உலகத்தில் எந்தச் சண்டை கேமில் தோற்றவனுக்கு மறுநாள் என்று ஒன்று உண்டு? அதைப் பார்க்க நீ ஊருக்குள் போயிருக்க வேண்டும். நீதான் உப்பளத்திலேயே விளையாட்டை நிறுத்திவிட்டாயே.

பழவந்தாங்கலில் பூக்காரி ஒருத்தி கூடையோடு ஏறி வழியிலேயே உட்கார்ந்துகொண்டாள். மல்லிகை வாசனை பெட்டி முழுக்கப் பரவியது, ஜெசிந்தாவுக்கு அதுவும் எரிச்சலாக இருந்தது. மடியில் போன் கிடந்தது. அது எந்த நேரமும் அடிக்கும். குரு அடிப்பான். மத்தியானம் அவன் கேட்டதற்கு, அதற்குள் ஒரு பதில் வைத்திருக்க வேண்டும். கேமராவைச் சொன்னானா அந்த யூடியூப் பயல்? சொல்லவில்லை! அதுதான் வயிற்றெரிச்சல். 'சுவடு' கேமின் ஆகப்பெரிய குறை அதன் கேமராதான். சங்கன் சுவரோரம் போனால் கேமரா சுவருக்குள் புகுந்துகொள்ளும், பனைமரத்தடியில் சண்டை வந்தால் பனைமரத்துக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்ளும், அடிப்பது யார், வாங்குவது யார் என்று தெரியாமல் ஓலைதான் திரை முழுக்கத் தெரியும். மட்டக்களப்பிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார், அந்த கேமுக்கு வந்த ஒன்றிரண்டு கடிதங்களில் அது ஒன்று, "விளையாட்டு நல்லா இருக்கு, கால் வைக்கிற விதம் சோக்கா இருக்கு, ஆனா கேமராவுக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கு, அதுக்கு முதல்ல வைத்தியம் பாருங்கோ" என்று. எவ்வளவு சரி. அவர் விளையாடியவர். கேமராவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று குரு சொன்னான், அப்புறம் என்கிற நாள் வரவே இல்லை. மீன் மார்க்கெட்டில் ஒரே கிழவி ஐந்து இடத்தில் உட்கார்ந்து ஒரே சீலா மீனை விற்றுக்கொண்டிருப்பாள். படகுச் சண்டை சகிக்காது, கடல் தண்ணீர் ஜெல்லி மாதிரி ஆடும், அதில் அவள் ஒரு வரிகூடச் சமாதானம் சொல்லமாட்டாள். வசனம்? "நில், யாரங்கே" என்று உப்பளத்துக் காவல்காரன் கத்துகிறான். தூத்துக்குடியில் பிறந்து வளர்ந்தவளை வைத்துக்கொண்டு அப்படி எழுதினார்கள். "ஏல, எவம்ல அது" என்றுதானே கேட்பான் என்று சொன்னால், எல்லா ஊர்க்காரனுக்கும் புரிய வேண்டாமா என்றார்கள். 'யாரங்கே' எந்த ஊர்க்காரனுக்குப் புரிந்தது? இத்தனை ஓட்டை இருக்கிறது. கேட்டிருந்தால் அவளே உட்கார வைத்து ஒவ்வொன்றாகக் காட்டியிருப்பாள். பெற்றவளுக்குத் தெரியாதா பிள்ளையின் பல் வரிசை? இவன் என்னடாவென்றால் நடையைப் பிடித்துக்கொண்டான்.

நடை. அதற்கு வந்தாலே நினைப்பு வண்டி மாதிரி இழுத்துக்கொண்டு நின்றுவிடுகிறது. உண்மையாகவே வண்டி நின்றுவிட்டிருந்தது. குரோம்பேட்டை தாண்டி, சானடோரியம் வருவதற்கு முன், இரண்டு பக்கமும் வீடுகளின் பின்பக்கமாக இருந்த இடத்தில் சிக்னலுக்காக நின்றது. மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. மொட்டைமாடிக் கொடியில் ஒரு பள்ளிக்கூடச் சீருடை தலைகீழாகத் தொங்கியது. மகள் ஷெரினுக்கு நாளைக்கு வெள்ளைச் சீருடை, துவைக்கவில்லை. ஜெசிந்தா போனை எடுத்து, வேண்டாம் வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே, அந்த வீடியோவைச் சத்தமில்லாமல் மறுபடி போட்டாள். பக்கத்தில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்த அம்மாள் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தாள்.

"இன்னாம்மா அது, படமா?"

"இல்லக்கா. கேம்."

"புள்ளைங்க ஆடுமே, அதுவா? எங்க வூட்லயும் ரெண்டு இருக்குது, சோறு தண்ணி வேணாம் அதுங்களுக்கு." கடலை ஒன்றை வாயில் போட்டுக்கொண்டாள். "இதுல ஜெயிச்சா இன்னா குடுப்பாங்க?"

"ஒண்ணும் குடுக்க மாட்டாங்க."

"அப்புறம் எதுக்கு ஆடுறது?"

"இது நான் செஞ்சது அக்கா" என்றாள் ஜெசிந்தா, கேட்காத கேள்விக்குப் பதிலாக. அந்த அம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள், பிறகு போனைப் பார்த்தாள். "நீயா? கம்பெல்லாம் சுத்துறான்?" என்றாள். அவ்வளவுதான். ஒரு கை கடலையை அள்ளி ஜெசிந்தாவின் மடியில் போட்டுவிட்டு, இன்னும் வண்டி எடுக்கலையே என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எதுக்கு ஆடுறது. எதற்கென்றால், கால் ஊன்றுவதற்கு. அதுதான் அந்த கேம். வேறெதுவும் இல்லை. மற்ற கேமில் பொத்தானைத் தட்டத் தட்ட அடி விழும், விரல் வேகமிருந்தால் போதும். இதில் முதலில் கால் நிற்க வேண்டும். சிலம்பத்தில் சுவடு என்றால் கால் வைக்கிற முறை, அது சரியாக விழாமல் பொத்தானை அமுக்கினால் சங்கனுக்குக் கால் பின்னும், கம்பு அவன் முழங்காலிலேயே அடிக்கும். பொறுத்து, எதிரியின் தோளைப் பார்த்து, பின்னங்காலில் கனத்தை ஏற்றி, அப்புறம் ஒரே ஒரு வீச்சு, அது விழும்போது வருகிற 'விர்' சத்தம், அது உண்மையான கம்பின் சத்தம், அவளே சுற்றியது. பள்ளியில் படிக்கிறபோது மாநிலப் போட்டி வரை போய் வந்த கை. முதலில் சினிமாவில் சண்டை போடுகிற ஒருவரைத்தான் கூட்டிவந்தார்கள். உடம்பெல்லாம் வெள்ளை உருண்டைகள் ஒட்டிய கறுப்பு உடுப்பை மாட்டி, சுற்றிலும் கேமராக்கள் வைத்து, அவர் அசைவதைக் கம்ப்யூட்டர் அப்படியே பிடித்துச் சங்கனுக்குக் கொடுக்கும். அவர் பல்டி அடித்தார், காற்றில் இரண்டு சுற்றுச் சுற்றினார், தரையில் ஒரு நிமிஷம் நிற்கவில்லை. "இது சிலம்பம் இல்ல குரு, சர்க்கஸ்" என்று சொல்லிவிட்டு அவளே அந்த உடுப்பை வாங்கி மாட்டிக்கொண்டாள். சங்கனின் நடை அவளுடைய நடை. நிற்பது, திரும்புவது, குனிந்து கம்பை எடுப்பது, அடிபட்டால் இடுப்பில் கைவைத்து மெல்ல நிமிர்வது, எல்லாம் அவள். அதைப் பார்த்துத்தான் அந்தப் பயல் சொன்னான், "என்னங்கடா இது, மாசமா இருக்கிற பொம்பள மாதிரி நடக்கிறான்!" சொல்லிவிட்டு எழுந்து, வயிற்றைத் தள்ளிக்கொண்டு, தன் அறைக்குள் நடந்தும் காட்டினான். அதைத்தான் துண்டு துண்டாக வெட்டி ஊரெல்லாம் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

மாசமாகத்தான் இருந்தாள். அதுதான் தொண்டையில் நிற்கிற முள். ஷெரின் வயிற்றில் நாலு மாதம் முடிந்து ஐந்து. கம்பெனியில் யாருக்கும் தெரியாது. ஒல்லி உடம்பு, சுடிதார் போட்டால் வெளியே காட்டவில்லை. கறுப்பு உடுப்பு இறுக்கிப் பிடித்தபோது மட்டும், "சாப்பாடு பலம் போல" என்று குருவே கேலி செய்தான். சொல்லியிருந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள், அந்தச் சர்க்கஸ்காரரைத் திரும்பக் கூப்பிட்டிருப்பார்கள். டாக்டரிடம் நடக்கலாமா என்று கேட்டாள், தாராளமாக நடங்கள் என்றார். கம்போடு நடக்கலாமா என்று கேட்கவில்லை. வீச்சு, குதிப்பெல்லாம் முன்பே எடுத்து முடித்திருந்தது, அந்த மாதம் எடுத்தது நடையும் நிலையும்தான். உடம்பு அதுவாகவே கனத்தைக் கீழே இறக்கிக்கொண்டது, கால் அதுவாகவே அகன்று விழுந்தது, ஒரு அடி எடுத்து வைக்குமுன் தரை இருக்கிறதா என்று பாதம் தானாகக் கேட்டுக்கொண்டது. சங்கன் திரையில் எழுந்து நடந்தபோது எல்லோரும் வேலையை விட்டுத் திரையைச் சுற்றிக் கூடினார்கள். "அந்த நடைல ஒரு கனம் இருக்கு ஜெசி, எங்கிருந்து பிடிச்ச?" என்று குரு கேட்டான். "வந்துட்டு" என்றாள். புருஷன் பிரிட்டோவிடம்கூட உட்கார்ந்து செய்கிற வேலை என்றுதான் சொல்லியிருந்தாள். அப்புறம் ஷெரின் பிறந்தாள், ஒரு வயது தாண்டியும் எழுந்து நிற்கவில்லை, ஒன்றரை வயதிலும் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். ஒவ்வொரு சொந்தக்காரியும் வீட்டுக்கு வந்து "இன்னும் நடக்கலியா" என்று கேட்டபோதெல்லாம் ஜெசிந்தாவுக்கு ஒரே நினைப்புதான், நாம்தான், அந்த உடுப்புதான், நம் பிள்ளை நடக்க வேண்டிய நடையைப் பிடுங்கி அந்தச் சங்கனுக்குக் கொடுத்துவிட்டோம், அவன் நடக்கிறான், இவள் நடக்கவில்லை. பைத்தியக்கார நினைப்பு என்று தெரியும். தெரிந்தால் போகிற நினைப்பா அது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோவில் முற்றத்தில், பூசை நடுவில், ஷெரின் கையை உதறிவிட்டு நேராக நடந்து போய் யாரோ ஒருவரின் செருப்பை எடுத்துக்கொண்டாள். இப்போது மாடிப்படியில் இரண்டிரண்டாகத் தாவுகிறாள். ஆனாலும் அந்தப் பயம் போனதா? நேற்று வீடியோவில் அவன் வயிற்றைத் தள்ளி நடந்து காட்டினபோது மறுபடி எழுந்து வந்து எதிரே நின்றது. உலகத்தில் ஒருத்தருக்கும் தெரியவில்லை. கூட வேலை பார்த்தவர்களுக்குத் தெரியவில்லை, கட்டினவனுக்குத் தெரியவில்லை. எங்கேயோ உட்கார்ந்து கேலி பண்ணிப் பிழைக்கிற ஒருத்தன் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிட்டான். கண்டுபிடித்தவன், இது என்ன, ஏன் இப்படி ஒரு ஆண்பிள்ளை நடக்கிறான் என்று ஒரு நொடி யோசித்தானா? சிரித்தான். கண் இருந்தது, சிரிக்கத்தான் பயன்பட்டது. அதுதான் கோபம். பார்க்காதவன் மேல்கூட இவ்வளவு கோபம் வராது.

வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நகர்ந்தது. தாம்பரத்தில் கூட்டம் திமுதிமுவென்று ஏறியது, கடலை அம்மாள் இறங்கிப்போனாள், அவள் இடத்தில் காலேஜ் பெண் ஒருத்தி பையை மார்போடு அணைத்தபடி உட்கார்ந்தாள். பெருங்களத்தூர் நெருங்கும்போது போன் அடித்தது.

"என்ன ஜெசி, யோசிச்சியா?" குருவின் குரலில் ஆறு வருஷமாகக் காணாத உற்சாகம். மத்தியானமே சொல்லியிருந்தான்: இத்தனை பேர் கண்ணில் பட்டது இதுதான் முதல் தடவை, நாமும் கூடச் சேர்ந்து சிரித்துவிடுவோம், 'ஆமை நடைக்கு விடை' என்று ஒரு அப்டேட் விடுவோம், ரெடிமேடாக விற்கிற ஓட்ட அசைவை வாங்கிப் போட்டால் சங்கன் சிட்டாகப் பறப்பான், அந்த வேலையை அவள் செய்து தர வேண்டும், அவளுக்குத்தான் சங்கனின் எலும்பு எலும்பாகத் தெரியும்.

"கேமராவச் சரி பண்ணித் தாரேன்" என்றாள். "மார்க்கெட்டுக் கிழவிக்கு நாலு வேற முகம் செஞ்சு தாரேன். லீவு போட்டுட்டு வந்து செய்யுதேன். நடையில கை வைக்க மாட்டேன்."

"ஐயோ, ஊரே சிரிக்கிறது நடையப் பாத்துத்தான்!"

"அவன் சொன்னது நிஜம், குரு. அப்ப ஷெரின் என் வயித்துல இருந்தா."

காலேஜ் பெண் காதிலிருந்து ஒயரை எடுத்துவிட்டு அவளைப் பார்த்தாள்.

"என்ன ஜெசி சொல்ற? ஏன் அப்பவே சொல்லல?"

"சொல்லிருந்தா அந்த டிரெஸ்ஸ மாட்ட விட்டிருப்பியா?"

"...மாட்டேன்."

"அதான்."

அவன் கெட்டவன் இல்லை, இப்போது ஏதாவது சொல்வான், ஒரு வார்த்தை, அந்த நாட்களில் அவள் படிக்கட்டில் மூச்சு வாங்கி நின்றது, எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே வேலை பார்த்தது, ஏதாவது ஒன்று இப்போது அவனுக்கு ஞாபகம் வரும் என்று அவள் காத்திருந்தாள். "ஜெசி," என்றான், குரல் தணிந்து, நடுங்கி, "இத நாம வெளிய சொன்னா என்ன ஆகும் தெரியுமா? கர்ப்பமா இருந்த பொண்ணு நடந்த நடை! செம்ம ஸ்டோரி. நீ ஒரு சின்ன வீடியோ பேசு, பாப்பாவையும் பக்கத்துல உக்கார வச்சு—"

அவள் அழைப்பைத் துண்டித்தாள். பாப்பாவையும் பக்கத்தில் உட்கார வைத்து. வண்டலூர் வந்து போனது, ஊரப்பாக்கம் வந்து போனது, எதையும் அவள் பார்க்கவில்லை. ஒருத்தன் சிரிக்கிறான், ஒருத்தன் விற்கிறான். நடுவில் ஒருத்தன், ஒரே ஒருத்தன், மட்டக்களப்பில் உட்கார்ந்து கால் வைக்கிற விதம் சோக்காக இருக்கிறது என்று எழுதினானே, அவனுக்கு அவள் பதில்கூடப் போடவில்லை, அப்போது ஷெரினுக்குக் காய்ச்சல். அவள் அந்த வீடியோவைத் திறந்தாள். கீழே ஆயிரக்கணக்கில் கமெண்ட், ஆமைப் படம், வயிறு பெருத்த ஆண்பிள்ளைப் படம், சிரித்துச் சிரித்துக் கண்ணீர் விடும் மஞ்சள் மூஞ்சிகள். விரல் தானாக அடித்தது. 'நீங்கள் சொன்ன குறை ஒன்றுகூடக் குறை இல்லை. குறை எது என்று நான் சொல்கிறேன்' என்று தொடங்கி, கேமராவை எழுதினாள், ஜெல்லிக் கடலை எழுதினாள், ஐந்து கிழவிகளை, யாரங்கேயை, பொன்னியின் தாவணியை, கடை மழையை, குருவோடு சண்டை போட்டுத் தோற்றதையெல்லாம் ஒன்றுவிடாமல் எழுதினாள். ஒரு வக்கீலின் கோபத்தோடு தன் கட்சிக்கு எதிராகவே எழுதினாள். எழுத எழுத மூச்சு சீராயிற்று. கடைசியில், 'விழுந்தவன் எழுந்து போவது சரி. நடை சரி. அந்த இரண்டும் மாறாது' என்று முடித்து அனுப்பினாள். ஷெரினைப் பற்றி ஒரு எழுத்து எழுதவில்லை. அது இவர்களுக்கில்லை.

கூடுவாஞ்சேரியில் இறங்கி மேம்பாலப் படியில் பாதி ஏறியிருப்பாள், போன் அதிர்ந்தது. ஓட்டைக் கண்ட்ரோலர்தான், சுடச்சுட. 'இவ்ளோ டீடெய்லா கழுவி ஊத்திட்டு அப்புறம் நடை சரின்றீங்க?? யாரு ப்ரோ நீங்க? அந்த கம்பெனியா?' என்று கேட்டிருந்தான், இரண்டு மஞ்சள் மூஞ்சிகளோடு. அவள் படியின் நடுவே நின்றுவிட்டாள். கூட்டம் இரண்டாகப் பிரிந்து அவளைச் சுற்றிக்கொண்டு ஏறியது. ஒருத்தி பை இடித்துவிட்டுப் போனாள். "ஓரமா நில்லும்மா, வழியில நின்னுகிட்டு" என்று பின்னாலிருந்து யாரோ அதட்டினார்கள். அவள் நகரவில்லை. 'முழுசா விளையாடிட்டு வந்து திட்டு' என்று அடித்தாள். அனுப்பவில்லை. அழித்தாள். பிறகு, 'நான்தான் சங்கன்' என்று அடித்து அனுப்பிவிட்டு, போனைக் கைப்பைக்குள் போட்டாள். பின்னாலிருந்து கூட்டம் இன்னும் நெருக்கியது. நெருக்கட்டும்.